சுழலும் சம்பந்திகளும்

கோடை விடுமுறையில் ஒருநாட் காலை, பதின்மூன்று வயதுப் பேத்தி ஒருத்தி, பிரைம் வீடியோவில் இருக்கும் 'சுழல்' என்னும் தொடரைத் தான் பார்க்கலாமா என்று வினவ, அலுவலகத்துக்குப் புறப்படும் அவசரத்தில் இருந்த பெற்றோர், "தாத்தாக்கள் இரண்டு பேரும் வீட்டில்தானே இருக்கிறார்கள், அவர்கள் சொல்கிறபடி செய்" என்று அந்தப் பாரத்தைப் பெரியவர்களின் தலையில் இறக்கி வைத்துவிட்டு மின்தூக்கியில் மறைந்தார்கள். தந்தைவழிப் பாட்டனார் விழுப்புரம் பக்கத்தவர், ஓய்வுபெற்ற தாசில்தார். தாய்வழிப் பாட்டனார் சென்னைவாசி. வக்கீல்களுக்கு ஓய்வு என்பது இல்லையாதலால், கட்சிக்காரர்கள் ஓய்வு கொடுத்துவிட்ட வக்கீல். சம்பந்திகள் ஒருபோதும் சண்டையிடுவதில்லை என்பதும், பரஸ்பர மரியாதையைக் கொண்டே ஒருவரையொருவர் காயப்படுத்திக்கொள்வார்கள் என்பதும் நம் நாட்டார் அறிந்தவை. அடுத்த வீட்டுத் தாழ்வாரத்தில் இருந்து நான் கேட்டதைக் கேட்டபடியே கீழே தருகிறேன்.

தாசில்தார்: சம்பந்தி அவர்களே, காரியம் சுலபமானது, காப்பி ஆறுவதற்குள் முடித்துவிடலாம். தொடரைத் திறந்தேன், திரையின் மூலையில் ஓர் எண் தோன்றிற்று, அந்த எண் நம் பேத்தியின் வயதைவிடப் பெரியதாக இருந்தது, மூடிவிட்டேன். மனு நிராகரிக்கப்படுகிறது.

வக்கீல்: தங்கள் தீர்ப்பின் துரிதத்தைக் கண்டு பிரமிக்கிறேன். பட்டா மாறுதல் மனுக்கள் தங்கள் மேசையில் இரண்டாண்டு நித்திரை செய்ததாகக் கேள்விப்பட்டிருக்கிறேனே, அந்தத் தாசில்தாரா இவர்! போகட்டும், அந்த எண்ணை இட்டவர் யார் என்று தாங்கள் விசாரித்தீர்களா?

தாசில்தார்: எண் இருந்தால் சர்க்கார் இட்டதாகத்தானே இருக்கும்?

வக்கீல்: அங்கேதான் தங்கள் நாற்பதாண்டு விசுவாசம் தங்களை ஏமாற்றுகிறது. திரைப்படமானால் 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தணிக்கை வாரியம் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கிறது. இணையத் தொடருக்கோ, 2021-இல் வந்த விதிகளின்படி, வெளியிடுகிறவரே தம் சரக்கைத் தாமே பார்த்து, அனைவர்க்கும் உரியது, ஏழு வயதுக்கு மேல், பதின்மூன்றுக்கு மேல், பதினாறுக்கு மேல், வயது வந்தோர்க்கு மட்டும் என்னும் ஐந்து வகுப்புகளுள் ஒன்றில் தாமே வைத்துக்கொள்கிறார். விற்கிறவனே இட்ட முத்திரையைச் சர்க்கார் முத்திரை என்று தாங்கள் வணங்கியிருக்கிறீர்கள்.

தாசில்தார்: அப்படியானால் என் தீர்ப்புக்கு இன்னும் பலம் ஏறிற்று. விற்கிறவனே "இதைக் குழந்தைக்குக் கொடுக்காதே" என்கிறான் என்றால், அந்த ஒரு வாக்கியத்திலாவது அவன் பொய் சொல்லியிருக்க மாட்டான் அல்லவா?

(வக்கீல் ஒரு வாய் காப்பி அருந்தினார். நீதிமன்றத்தில் இந்த இடத்தில் அவர் வாய்தா வாங்குவது வழக்கமாம்.)

வக்கீல்: ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தினந்தோறும் மாலை ஏழரை மணிக்குத் தாங்களும் சம்பந்தியம்மாளும் பேத்தியை நடுவில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு பார்க்கிறீர்களே, அந்த நெடுந்தொடரில் சென்ற வாரம் மூத்த மருமகள் இளைய மருமகளின் பாலில் எதையோ கலந்தாள்; அதற்கு முந்தைய வாரம் ஒரு கைக்குழந்தை கடத்தப்பட்டது. அதன் மூலையில் என்ன எண் போட்டிருக்கிறது?

தாசில்தார்: எண் ஒன்றும் இல்லையே.

வக்கீல்: இராது. தொலைக்காட்சி நெடுந்தொடர்களை ஒளிபரப்புக்கு முன்பு பார்த்துச் சான்றளிக்கும் ஏற்பாடே நம் தேசத்தில் கிடையாது.

தாசில்தார்: அது குடும்பக் கதை, சம்பந்தி. அதில் பெரியவர்களுக்கு மரியாதை இருக்கிறது. பாலில் விஷம் கலப்பதற்கு முன்பு அந்த மூத்த மருமகள் மாமியாரின் காலைத் தொட்டு வணங்கினாள். தாங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

வக்கீல்: கவனிக்கவில்லை, மன்னிக்க வேண்டும். விஷத்துக்கு முன் நமஸ்காரம் இருப்பின் அது பாலர்க்கு உரியது என்று குறித்துக்கொள்கிறேன். ஆனால் நாம் மட்டும் அந்த வயதில் என்ன தேவாரமா படித்துக்கொண்டிருந்தோம்? தமிழ்வாணனின் சங்கர்லால் துப்பறியும் கதைகளை அல்ஜீப்ராப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்தவர் தாங்கள் என்று தங்கள் குமாரரே என்னிடம் சொல்லியிருக்கிறார். அத்தனை கொலைகளையும் படித்துத் தாங்கள் கெட்டா போனீர்கள்? தாசில்தாராகத்தானே போனீர்கள்?

தாசில்தார்: அது வேறு. சங்கர்லால் கதையில் எத்தனை பேர் மாண்டாலும் அவருடைய தேநீர் ஆறுவதில்லை. அங்கே பிணம் என்பது ஒரு புதிர்க் கணக்கு. இதிலே அப்படி இல்லை. காணாமற்போன அந்தப் பெண்ணுக்கு ஒரு தாய் இருக்கிறாள். அவள் அழுகிற அழுகை நான்காம் அத்தியாயம் வரையிலும் என் காதை விட்டுப் போகவில்லை.

வக்கீல்: நான்காம் அத்தியாயமா? எண்ணைக் கண்டவுடன் மூடிவிட்டதாகச் சொன்னீர்களே!

தாசில்தார்: பேத்திக்காக மூடினேன், பிறகு எனக்காகத் திறந்தேன். எனக்கு எழுபத்திரண்டு வயது. எந்த எண்ணும் என்னைத் தடுக்காது.

(இதன் பிறகு இருவரும் தொடரைப் பற்றிப் பேசிய பேச்சில், நியாயாதிபதிகளின் தோரணை குறைந்து ரசிகர்களின் உற்சாகம் மிகுந்ததாகையால், பார்க்காதவர்களுக்காக விஷயத்தை நானே சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். புஷ்கரும் காயத்ரியும் எழுத, பிரம்மாவும் அனுசரணும் இயக்க, 2022 ஜூன் 17-ஆம் தேதி வெளிவந்த எட்டு அத்தியாயக் குற்றக் கதை அது. சாம்பலூர் என்னும் கற்பனை ஊரில், மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கும் நாட்களில், சிமெண்ட் ஆலை ஒன்று தீப்பற்றி எரிகிறது. ஆலையின் தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமற்போகிறாள். சண்முகமாகப் பார்த்திபனும், மூத்த மகள் நந்தினியாக ஐஸ்வர்யா ராஜேஷும், புலன்விசாரிக்கும் காவல் அதிகாரிகளாகக் கதிரும் ஸ்ரேயா ரெட்டியும் நடித்திருக்கிறார்கள்.)

தாசில்தார்: எங்கள் அங்காளம்மனின் மயானக் கொள்ளைத் திருவிழாவைக் கொலைக் கதைக்குப் பின்னணி ஆக்கியிருக்கிறார்களே என்று முதலில் எனக்கு வருத்தந்தான். குழந்தை அதைப் பார்த்தால் தெய்வகாரியத்தைப் பயங்கரம் என்று எண்ணிவிட மாட்டாளா?

வக்கீல்: அவள் ஐந்து வயதுக் குழந்தையாக இருந்தபோது மேல்மலையனூருக்கு அழைத்துப்போய்த் தோளில் வைத்துக்கொண்டு அதே திருவிழாவைக் காட்டியவர் யார்? மகாசிவராத்திரிக்கு மறுநாள், மயானத்திலே, காளி வேஷம் தரித்தவர்கள் நாக்கைத் துருத்திக்கொண்டு உயிர்க்கோழியைக் கடித்துவரும் அந்தக் காட்சியை எந்தத் தொடரும் எட்டிப்பிடிக்க முடியாது. அப்போது குழந்தை பயந்தாளா?

தாசில்தார்: பொரி கேட்டாள்.

வக்கீல்: கேட்டீர்களா! ஐந்து வயதில் அதைப் பார்த்துப் பொரி கேட்டவள் பதின்மூன்று வயதில் ஒரு சின்னத்திரையைப் பார்த்துச் சிதைந்துவிடுவாளா?

தாசில்தார்: அவள் பொரி கேட்டதற்குக் காரணம், கேட்பதற்கு நான் அங்கே இருந்தேன் என்பதே. அவளுக்குக் கீழே என் தோள் இருந்தது. சுற்றிலும் ஊர் முழுவதும் இருந்தது. உடுக்கை ஓய்ந்ததும் எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினோம். அதுபோலவே எங்கள் ஊர்த் தெருக்கூத்தில் நல்லதங்காள் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் எறிகிறபோது முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவை அத்தனையும் குழந்தைகளே. ஆனால் பக்கத்தில் பாட்டி இருப்பாள், மடி இருக்கும், அழுதால் அது எல்லோருக்கும் தெரியும். இந்தத் தொலைபேசியிலோ, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, காதில் இரண்டு கருவிகளைச் செருகிக்கொண்டு, உள்ளங்கை அகலத் திரையைப் போர்வைக்குள் வைத்துப் பார்க்கிறாள். அவள் பயந்தாளா, அழுதாளா, பாதியில் நிறுத்தினாளா என்பது அந்தக் கருவிக்குத் தெரியும், தாத்தாவுக்குத் தெரியாது.

(நான் இதுவரை தாசில்தாரைப் பற்றிக் கொண்டிருந்த அபிப்பிராயத்தை இவ்விடத்தில் சற்றே திருத்திக்கொண்டேன்.)

வக்கீல்: அதற்காகத்தானே பூட்டு இருக்கிறது! பதின்மூன்றுக்கு மேற்பட்ட வகுப்புகளுக்குப் பெற்றோர் பூட்டு வைக்கும் வசதி தரவேண்டும் என்று அந்த விதிகளே சொல்கின்றன. இரகசிய எண் ஒன்று இட்டால் தீர்ந்தது.

தாசில்தார்: இட்டிருக்கிறேன்.

வக்கீல்: பேஷ். எப்படி இட்டீர்கள்?

தாசில்தார்: எனக்கு வழி தெரியாது, பேத்திதான் இட்டுக் கொடுத்தாள். எண் மறந்துபோனால் அவளிடம் கேட்டுக்கொள்வேன்.

வக்கீல்: விஷயத்துக்கு வருவோம். இந்தக் கதையின் குற்றவாளி யார் என்பதுதான்...

தாசில்தார்: சொல்லாதீர்கள்! இன்னும் நான்கு அத்தியாயம் பாக்கி இருக்கிறது.

வக்கீல்: வழக்கின் மூலாதாரமே அதுதான், சொல்லாமல் எப்படி வாதிடுவது? குற்றவாளி அந்த வீட்டுச் சிற்றப்பா. சண்முகத்தின் உடன்பிறந்த தம்பி. குழந்தைகளைக் கெடுத்தவன் அவன். மூத்தவள் நந்தினிக்கும் சிறுவயதில் அதுவே நேர்ந்து, அவள் அதை வெளியே சொல்லாமலே வளர்ந்திருக்கிறாள்.

(சிறிது நேரம் பேச்சில்லை.)

தாசில்தார்: சிற்றப்பாவா... சம்பந்தி, இதைத்தான் நான் பயந்தேன். இரத்தபந்துக்களையே சந்தேகிக்கும்படி ஒரு குழந்தைக்குப் போதிப்பதா? நாளைக்கு அவள் வீட்டுக்கு வரும் உறவினரை எல்லாம் ஏற இறங்கப் பார்த்தால் குடும்ப கௌரவம் என்னாவது?

வக்கீல்: குடும்ப கௌரவம் என்ற அந்த ஒரு பதத்தின் நிழலில்தானே அந்தச் சிற்றப்பன் அத்தனை வருஷம் குடியிருந்தான்! மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பதின்மூன்று மாநிலங்களில் பன்னீராயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் கேட்டபோது, பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் துன்பத்துக்கு ஆளானதாகச் சொன்னார்கள். துன்புறுத்தியவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பத்தக்க ஸ்தானத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்ஸோ சட்டம் 2012-இல் வந்தது. பதினெட்டு வயது நிரம்பாத ஒவ்வொருவரும் அதன் கண்ணுக்குக் குழந்தை. உறவினன் செய்தால் குற்றம் கடுமை கூடுகிறது. குற்றம் நடந்ததை அறிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பதே தண்டனைக்கு உரியது. சட்டம் குழந்தைக்காகக் கதவைத் திறந்து வைத்திருக்கும்போது, அவ்வழியைக் காட்டும் ஒரு கதையைக் குழந்தையிடமிருந்தே மறைப்பது என்ன நியாயம்?

தாசில்தார்: நன்றாகச் சொன்னீர்கள். இப்பொழுது நான் சில கேள்விகள் கேட்கலாமா? தாங்கள் இந்தத் தொடரை எப்படிப் பார்த்தீர்கள்?

வக்கீல்: இராச் சாப்பாட்டுக்குப் பின், ஒன்றரை மடங்கு வேகத்தில்.

தாசில்தார்: யாருடன்?

வக்கீல்: தனியாகத்தான்.

தாசில்தார்: பேத்தி பார்க்கிறபோது தாங்கள் பக்கத்தில் உட்காருவீர்கள் அல்லவா? எட்டாம் அத்தியாயத்தில் அவள் திரும்பி, "அந்தச் சிற்றப்பா என்ன செய்தார், தாத்தா?" என்று கேட்பாள். என்ன பதில் சொல்வதாக உத்தேசம்?

வக்கீல்: சட்டப் பிரிவைச் சொல்வேன்.

தாசில்தார்: பிரிவின் இலக்கத்தையா?

வக்கீல்: ...அவளுடைய பாட்டி சொல்வது உசிதமாக இருக்கும்.

(விஷயம் சமையலறைக்கு மாற்றப்பட்டது. சமையலறை பதிலாகக் குக்கர் விசில் ஒன்றை அனுப்பியது.)

வக்கீல்: சம்பந்தி, மனம் விட்டுச் சொல்கிறேன். அந்தக் கேள்விக்கு அஞ்சித்தான் தாங்கள் தொடரைத் தடுக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு அஞ்சித்தான் நான் தொடரைக் காட்டச் சொல்கிறேன். நான் சொல்லக் கூசுவதை ஒரு நடிகர் சொல்லிவிட்டால் எனக்கு நிம்மதி. ஆனால் அந்தக் கதையின் அமைப்பை நினைத்துப் பார்த்தால், என் வழக்கு பலவீனந்தான். துப்பறியும் கதையாகையால் அது சந்தேகத்தை ஒருவர்மீதிருந்து மற்றொருவர்மீது தூக்கிப் போட்டுக்கொண்டே போய், உண்மையைக் கடைசிவரையில் ஒளித்து வைக்கிறது. அந்தத் தொழிலுக்கு அது தர்மம். நமக்கு அதில் சுவாரசியம் இருக்கிறது. ஒரு குழந்தையோ தனக்கு வேண்டிய ஒரு வார்த்தையைக் கேட்பதற்காகத் தீயையும் பிணத்தையும் சித்திரவதையையும் கடந்து எட்டாம் அத்தியாயம் வரையில் காத்திருக்க வேண்டும். நடுவிலேயே பயந்து அணைத்துவிட்டால் பயம் மட்டும் அவளிடம் தங்கும், வார்த்தை போய்ச் சேராது.

தாசில்தார்: ஆக, கதை அவளுக்கு முந்தி வந்துவிட்டது, விஷயமோ பிந்திப்போயிருக்கிறது.

வக்கீல்: அப்படியே எழுதுங்கள்.

மின்கட்டண ரசீதின் பின்புறத்தில் தாசில்தார் தம் பழைய கையெழுத்தில் எழுதிய உத்தரவு பின்வருமாறு: மனுதாரரான பேத்தி 'சுழல்' தொடரைப் பார்ப்பது அவளுக்குப் பதினாறு வயது நிரம்பும்வரை ஒத்திவைக்கப்படுகிறதென்றும், அதன்பின் கூடத்திலுள்ள பெரிய தொலைக்காட்சியில், கதவுகள் திறந்திருக்க, பெரியவர் ஒருவர் ஒரே மடங்கு வேகத்தில் உடன் பார்ப்பதாயின் அனுமதிக்கப்படுமென்றும், ஆனால் தன் உடம்பின்மேல் தனக்குள்ள உரிமையையும், யாராயிருந்தாலும், உறவினராயிருந்தாலும், தாத்தாவாகவே இருந்தாலும், மனத்துக்கு ஒவ்வாத தொடுதலை மறுத்து அன்றைக்கே வாய்விட்டுச் சொல்லலாம் என்பதையும் இன்றிரவு சாப்பாட்டுக்கு முன்பாக அவளுடைய தாய் அவளுக்கு எடுத்துச் சொல்லவேண்டுமென்றும், அப்போது பாட்டனார் இருவரும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கவேண்டுமென்றும் உத்தரவிடப்படுகிறது. மாலை ஏழரை மணி நெடுந்தொடர் இன்று முதல் நிறுத்தப்படவேண்டும் என்று வக்கீல் சேர்த்த திருத்தம், சம்பந்தியம்மாளைக் கலந்தாலோசிக்காமல் முடிவு செய்ய இயலாதென்ற காரணத்தால் தள்ளுபடி ஆயிற்று.

முதலில் யார் கையொப்பமிடுவது என்பதில் எழுந்த மரியாதைப் போட்டி கால்மணி நேரம் நீடித்தது. பூட்டின் இரகசிய எண்ணை மாற்ற வேண்டும் என்று இருவரும் ஏகமனதாகத் தீர்மானித்து, அதற்காகப் பேத்தியைக் கூப்பிட்டார்கள்.

வாசகர்களும் தத்தம் இல்லத்தில் இந்த உத்தரவின் பிற்பகுதியை மட்டுமாவது, வயதெண் பார்க்காமல், இன்றே நிறைவேற்றும்படி கேட்டுக்கொள்கிறேன். குழந்தைகள் தாங்களே கூப்பிட்டுப் பேசத்தக்க உதவித் தொலைபேசியின் எண் 1098, கட்டணம் கிடையாது, இரவும் பகலும் எடுப்பார்கள்.