பாயின்ட் டூ-டூ அண்ணாச்சி

சென்னைக்காரரிடம் புழல் என்றும் கீழ்ப்பாக்கம் என்றும் ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். ஒரு மாதிரி சிரிப்பார். புனேக்காரருக்கு அந்தச் சிரிப்பு வர ஒரே ஊர்ப்பெயர் போதும்: ஏரவாடா. மத்திய சிறையும் மண்டல மனநல மருத்துவமனையும் ஒரே பேட்டையில் அமைந்துவிட்டதால் வந்த வினை. அதனால்தான் பாயின்ட் டூ-டூ அண்ணாச்சி, யாராவது "வீடு எங்கே?" என்று கேட்டால், "ஏரவாடா, ரெண்டு மதிலுக்கும் வெளிய" என்று முன்ஜாக்கிரதையாகப் பதில் சொல்லுவார்.

திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். பாதுகாப்புத் துறைக் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்துப் புனே வந்து, இங்கேயே ஓய்வும் பெற்று, இங்கேயே ஃபிளாட்டும் வாங்கியவர். பணிக்காலம் பூராவும் அவர் கையில் தோட்டாக்கள் லட்சக்கணக்கில் புழங்கின, எல்லாம் பேரேட்டில். வரவு இத்தனை, செலவு இத்தனை, இருப்பு இத்தனை. சொந்தமாகச் சுட்டது மட்டும் பூஜ்யம்.

அந்தப் பூஜ்யத்துக்குள்ளிருந்துதான் ஆசை முளைத்தது. அண்ணாச்சிக்கு ஒரு கிளாக் பிஸ்டல் வேண்டும். உலகத்தில் பாதிப் போலீஸ்காரர் இடுப்பில் தொங்கும் அதே கறுப்புக் கிளாக். ஆனால் அது பெரிய 9 மி.மீ. தோட்டாவைப் போடக்கூடாது. சின்ன .22 தோட்டா போடுகிற கிளாக்காக இருக்க வேண்டும். உருவம் அதே, பெயர் அதே, பிடி அதே. சத்தம் மட்டும் குறைவு, உதை குறைவு, செலவு குறைவு.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டால் அன்றைய மாலை அவருக்கு உரியது. நகர் ரோட்டுப் பக்கத்து மெஸ்ஸில் ஆப்பம் வந்ததும் பாடம் தொடங்கும்.

"தம்பி, இந்த ஆப்பத்தப் பாரு. நடுவுல மெத்துன்னு இருக்கே, அதான் சென்டர். 9 எம்.எம்.ல பத்தவைக்கிற மருந்து தோட்டாவோட அடிப்பக்கத்து நடுவுல, தனிக் கேப்புக்குள்ள இருக்கும். ஊசி அங்க அடிச்சாத்தான் வெடிக்கும். சுட்டபெறவு பழைய கேப்பத் தட்டி எடுத்துட்டுப் புதுசு போட்டு, மறுபடியும் மருந்து நெரப்பலாம். இந்தா, ஓரத்துல மொறுமொறுன்னு இருக்கே, இது ரிம். டூ-டூல மருந்து இந்த ஓரத்துக்குள்ளயே சுத்திவர இருக்கும். விளிம்புல எங்கன அடிச்சாலும் பத்தும். ஒருக்கா வெடிச்சா அம்புட்டுதான், கூட்டத் தூரப் போட வேண்டியதுதான். ஆனா வெல கொள்ள மலிவு."

"எப்போது வந்தது?"

".22 லாங் ரைஃபிள் 1887. இன்னைக்கு வரைக்கும் அத அடிச்சுக்க ஆள் இல்ல. குண்டு ரெண்டரக் கிராமுக்குக் கொஞ்சம் கூட. 9 எம்.எம். குண்டு ஏழரக் கிராம். ஏழரைய எதுக்குவே நாம வெல குடுத்து வாங்கணும்?"

இந்த இடத்தில் ஆப்பம் ஆறிப்போயிருக்கும். எதிரில் இருப்பவருடைய ஆப்பமும்.

அண்ணாச்சியின் ஆசையில் ஒரு சிறு ஓட்டை உண்டு. பெரிய பிஸ்டல் வைத்திருப்பவர்கள் தினமும் விலை கூடிய தோட்டாவைச் சுட்டுப் பழகக் கட்டாது. அதனால் அதே பிடியும் அதே எடுப்புமாக ஒரு .22-ஐ வாங்கி, மலிவுத் தோட்டாவில் கை பழக்கிக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் கோல்ட் கம்பெனி தன் புகழ்பெற்ற .45 பிஸ்டலுக்கு 'ஏஸ்' என்ற .22 தம்பியை 1931-லேயே கொண்டுவந்ததற்கும் காரணம் அதுதான். சின்னது ஒத்திகைக்கு, பெரியது மேடைக்கு. நம் நாட்டிலோ 9 மி.மீ. என்பது பி.பி., அதாவது தடைசெய்யப்பட்ட ரகம். உள்துறை அமைச்சகம் தனியாக மனமிரங்கினாலொழிய சாமானியர் தொட முடியாது. லைசென்ஸ் கிடைத்தவர்கள் .32, .22 போன்ற தடைசெய்யப்படாத என்.பி.பி. ரகங்களோடு திருப்திப்பட வேண்டும். வெளிநாட்டுத் துப்பாக்கியைத் தனிநபர் இறக்குமதி செய்வதும் 1980-களிலேயே நின்றுபோனது. பேர்பெற்ற போட்டியாளர்களுக்கு மட்டும் சலுகை. ஆக, தன் வாழ்நாளில் வாங்கவே முடியாத ஒரு பிஸ்டலுக்கு, அதுவும் வாங்கவே முடியாத ஒரு பயிற்சிப் பிஸ்டல் அண்ணாச்சிக்குத் தேவைப்படுகிறது. நாடகம் நடக்கப்போவதில்லை, கொட்டகையும் கிடையாது. இவர் மட்டும் ஒத்திகைக்கு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

2019 டிசம்பர் அவர் வாழ்க்கையில் இன்பமும் துன்பமும் ஒருசேர வந்த மாதம். அந்த மாதம்தான் கிளாக் கம்பெனி, பல்லாண்டு காலம் ரசிகர்கள் கேட்டுக்கொண்டிருந்த .22 பிஸ்டலை அறிவித்தது. பெயர் கிளாக் 44. "இருவத்திரண்டுக்கு நாப்பத்திநாலுன்னு பேரு வச்சிருக்கான். அதாவது மதிப்புல ரெட்டிப்பு" என்று விளக்கம் சொன்னார். உண்மையில் அந்தக் கம்பெனியின் வரிசை எண் அது. அதே டிசம்பரில் நம் நாடாளுமன்றம் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தது. வீட்டில் ஒன்றுகூட இல்லாத அண்ணாச்சி, தன்னிடமிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொண்டதாகவே இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இவ்வளவு ஆண்டு ஏன் தாமதம் என்பதையும் அவரே சொல்லுவார். 9 மி.மீ. கிளாக்கில் குழலும் மேலே ஓடும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு சேர்ந்தே கொஞ்சதூரம் பின்னால் வந்து, பிறகுதான் பிரியும். .22-க்கு அவ்வளவு பலம் ஏது? வெடித்த கூடு பின்னால் உதைக்கிற உதையிலேயே ஸ்லைடு நகர்ந்தாக வேண்டும். முழு இரும்பு ஸ்லைடு என்றால் அந்த உதைக்கு அசைந்து கொடுக்காது. அதனால் கிளாக் 44-ல் ஸ்லைடைப் பாதி எஃகும் பாதி பாலிமருமாகச் செய்து எடையைக் குறைத்தார்கள். போதாததற்கு, துருத்திக்கொண்டிருக்கும் அந்த விளிம்பு வேறு. மேகசினில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய்ச் சிக்கினால் பிஸ்டல் திக்கிவிடும். "சின்னதாச் செய்யறதுதாம்லே பெரிய வேல" என்று அண்ணாச்சி முடிக்கும்போது, அந்தக் கஷ்டங்களையெல்லாம் அந்த ஆஸ்திரியக் கம்பெனியில் கூடவே இருந்து பட்டவர் போல ஒரு பெருமூச்சு வரும்.

"நம்ம ஊரிலேயே ஒன்று செய்தார்களே, அதை வாங்கலாமே?" என்று ஒருநாள் யாரோ கேட்டார்கள். வங்காளத்தில் இஷாப்பூர் ரைஃபிள் ஆலை 'நிடர்' என்று .22 ரிவால்வர் செய்தது. எடை கால் கிலோதான். அண்ணாச்சி முகம் சுருங்கிவிட்டது. "அது ரிவால்வர்லா!" அதாவது, அது கிடைக்கிற பொருள். கிடைக்கிற பொருள்மீது ஆசை வைப்பது இந்த ரக மனிதர்களுக்குக் கௌரவக் குறைவு.

இந்த ரகம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அண்ணாச்சியின் வாழ்க்கையே பாயின்ட் டூ-டூவில்தான் ஓடுகிறது. கொல்ஹாபுரி மட்டன் வேண்டும். ஆனால் அதன் சிவப்புக் குழம்பான தாம்ப்டா ரஸ்ஸாவில் வெந்நீர் கலந்து "கம்மி திகட்", அதாவது காரம் குறைவாகத் தர வேண்டும். சிவாஜி காலத்துச் சிங்ககட் கோட்டைக்கு வருஷம் ஒருதரம் படையெடுப்பார்; உச்சிவரை காரில். அந்தக் காரும் பார்வைக்கு எஸ்.யூ.வி., நீளம் நாலு மீட்டருக்குள், வரியும் குறைவு. பார்க்கப்போனால் அண்ணாச்சி தனியாள் இல்லை. வம்பும் செலவும் இல்லாத வீரம் எங்கே கிடைக்கும் என்று தேடுகிற ஆயிரக்கணக்கானோர் நாடு முழுக்க நாலு மீட்டருக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அண்ணாச்சி அதை உரக்கச் சொல்கிறார், அவ்வளவுதான்.

வீட்டில் மதினிதான் எதிர்க்கட்சி. அண்ணாச்சி ஒருமுறை லைசென்ஸ் விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தார். எதற்காகத் துப்பாக்கி என்ற கேள்வியில் பேனா நின்றது. பயிர்ப் பாதுகாப்பு என்று போடலாமென்றால் பால்கனியில் இருப்பது துளசியும் கருவேப்பிலையும். தற்காப்பு என்று போடலாமென்றால், மதினியைத் தவிர அவரை இதுவரை யாரும் மிரட்டியதில்லை. விளையாட்டு என்று எழுதினார். பக்கத்தைத் திருப்பினால், துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயின்ற சான்று, மருத்துவச் சான்று. அதில் மனநலமும் அடக்கம்.

"அதுக்கு எதுக்கு அலையணும்?" என்றாள் மதினி. "நடந்து போற தூரத்துல பெரிய ஆஸ்பத்திரியே இருக்கு. ஆனா தம்பி, கூட நீங்களும் போங்க. இவர மட்டும் அனுப்பினா, சான்று குடுத்து அனுப்புவாங்களா, எடம் குடுத்து வச்சுக்கிடுவாங்களான்னு எனக்கே சந்தேகமா இருக்கு."

அண்ணாச்சி வரலாற்றைத் துணைக்கு அழைத்தார். "சஞ்சய் தத்தையே எடுத்துக்கோயேன்…"

"எடுத்துக்கிட்டேன். 9 எம்.எம். பிஸ்டலும் ஏ.கே.56-ம் சட்டவிரோதமா வச்சிருந்ததுக்கு அஞ்சு வருஷம். இந்தா இருக்கு பாருங்க, இதே ஏரவாடா ஜெயிலு. 2016 பிப்ரவரியில விட்டாங்க. உள்ள காகிதப் பை ஒட்டினாராம். உங்க டூ-டூவுக்கு என்ன தருவாங்க? கவர் ஒட்டச் சொல்லுவாங்களா?"

"அடியே, நான் முறையா லைசென்ஸ் எடுக்கப்போறவன்!"

"லைசென்ஸ் எடுத்துட்டு என்னத்தச் சுடப்போறீங்க? கரப்பான்பூச்சிக்கே என்னத்தானே கூப்பிடுதீங்க."

இதற்கு ஆயுதச் சட்டத்திலும் பதில் இல்லை. அண்ணாச்சி சட்டென்று காந்திக்குத் தாவினார். மனிதர் விஷயம் தெரிந்தவர். தாவினாலும் எங்கேயாவது கால் ஊன்றுவார். 1930-களில் இதே ஏரவாடா சிறையில் இருந்தபோதுதான் காந்தி, கையில் தூக்கிக்கொண்டு போகும்படி பெட்டிக்குள் மடங்குகிற சின்ன ராட்டையை உருவாக்கினார். அதற்கு ஏரவாடா ராட்டை என்றே பேர் நிலைத்தது.

"பாத்தியா? பெரிய ராட்டைக்குச் சின்ன வெர்ஷன். இந்த ஊரு மண்ணுலயே அந்த ராசி இருக்கு. மகாத்மா கேட்டா தப்பில்ல, நான் கேட்டா மட்டும் கீழ்ப்பாக்கமா?"

மதினி அசரவில்லை. "அவரு பெரிய ராட்டையில நூத்து நூத்துக் கை பழகினபெறவு சின்னதக் கேட்டாரு. நீங்க பஞ்சே வாங்கலியே?"

தோட்டாவுக்கு மட்டும் இந்த ஊரில் பஞ்சமில்லை என்பதே அண்ணாச்சியின் பெரிய ஆற்றாமை. ஆற்றைக் கடந்தால் கட்கி. 1869-இல் தொடங்கிய தோட்டாத் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. தோட்டாக்களின் அடியில் 'கே.எஃப்.' என்று பொறித்திருப்பது கிர்க்கி, அதாவது கட்கி, ஃபேக்டரியின் முத்திரை. மேற்கே பாஷாணில், 1958-இல் தொடங்கிய, ராணுவத்துக்கு ஆயுதம் வடிவமைக்கும் ஆராய்ச்சி நிலையம். இரண்டும் இருக்கிற ஊரில், கையில் ஒன்றுமில்லாமல் அண்ணாச்சி.

கடைசியில் அவரைப் பாலேவாடிக்கு அழைத்துப் போனோம். ஊரின் மறுகோடியில் பெரிய விளையாட்டு வளாகம், துப்பாக்கி சுடும் ரேஞ்ச் உள்ளது. பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே பயிற்சி எடுத்த இடம். வழியெல்லாம் அண்ணாச்சி பேசிக்கொண்டே வந்தார். 2012 லண்டனில் விஜய்குமார் வெள்ளி வாங்கியதும் .22, 2018 ஆசிய விளையாட்டில் கொல்ஹாபூர் ராஹி சர்னோபத் தங்கம் வாங்கியதும் .22. ஒலிம்பிக்கில் சென்டர்ஃபயர் பிஸ்டலுக்குப் போட்டியே கிடையாது. "ஒலகமே நம்ம கட்சிதான் தம்பி!"

அங்கிருந்த பயிற்சியாளருக்கு அவருடைய பேத்தி வயது. அண்ணாச்சியின் ரிம்ஃபயர் வரலாற்றை 1887 வரைக்கும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முதலில் ஏர் பிஸ்டல்" என்று இந்தியில் சொல்லி, கையில் ஒன்றைக் கொடுத்தாள். மருந்தே கிடையாது, காற்றடைத்து, ஈயக் குருணை போட்டுச் சுடுவது. பத்து மீட்டர் தூரம். நடு வட்டம் பதினொன்றரை மில்லிமீட்டர். ஒரே கையால் பிடிக்க வேண்டும்; இடது கை பாக்கெட்டில்.

சுடுவதற்கு முன்னால் சும்மா ஒரு நிமிடம் நீட்டிப் பிடிக்கச் சொன்னாள். முதல் பத்து விநாடி அண்ணாச்சி சினிமாப் போஸ்டர் போல நின்றார். இருபதாவது விநாடியில் பிஸ்டல் மூக்கு மெல்ல ஊசலாடத் தொடங்கியது. முப்பதில் அவர் தோள்பட்டை "போதும் சாமி" என்றது. பிறகு ஐந்து குண்டு சுட்டார். அவருடைய அட்டையில் மூன்று துளை. ஒன்று சுவருக்கு. பக்கத்து லேனில் சுட்டுக்கொண்டிருந்த பள்ளிக்கூடப் பெண், தான் சுடாத ஒரு துளை தன் அட்டையில் இருப்பதைப் பார்த்து, யார் புண்ணியவான் என்று எட்டிப் பார்த்தாள்.

திரும்பும்போது காரில் ரொம்ப நேரம் பேச்சில்லை. வலது தோளை இடது கையால் பிடித்துவிட்டுக்கொண்டே வந்தார். ஏரவாடா நெருங்கியதும் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, அந்தப் பிஸ்டல் நல்ல பிஸ்டல்தான். ஆனா கனம் சாஸ்தி. இதுலயே கொஞ்சம் சின்னதா, லேசா, ஒரு வெர்ஷன் போடுவானா?"

பின்சீட்டிலிருந்து மதினி சொன்னாள்: "போடுதான். வருஷா வருஷம் தீவாளிக்குப் போடுதான். நம்ம சிவகாசி கேப்ப வச்சுச் சுட்டா டப்புன்னு வெடிக்கும். லைசென்ஸும் வேண்டாம், சான்றும் வேண்டாம்."

அண்ணாச்சி கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்தார்.

"அந்தக் கேப்பு, ஓரத்துல அடிச்சா வெடிக்குமா, நடுவுல அடிச்சாத்தானா?"