பூட்டனைத் தேடி

கேள்வி: அம்மம்மாவின் பூட்டன் இங்கிலாந்திலிருந்து மட்டக்களப்புக்கு வந்தவராம். இங்கிலாந்தின் பழைய குடிசனத் தொகைமதிப்பில் அவரைக் கண்டுபிடிக்கலாமா?
– வாசகி, நாவற்குடா

பதில்: நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். பூட்டன்மூலத்துக்கு அந்தத் தடை இல்லை, தாராளமாகப் பாருங்கள்!

ஆனால் கப்பல் ஏறுமுன் வீட்டு அலுமாரியைத் திறவுங்கள். மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் பிடித்தனர். ஆங்கிலேயர் கடைசியாக வந்தவர்கள். எனவே ஊரார் 'வெள்ளைக்காரன்' என்றவர் லிஸ்பனுக்கும் சொந்தமாக இருக்கலாம். தேவாலய ஞானஸ்நானப் பதிவு, விவாகப் பதிவு, கல்லறைக் கல் மூன்றிலும் குடும்பப் பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆங்கிலப் பெயர்தான் என்று உறுதியானால் இங்கிலாந்தின் 1841 தொகைமதிப்பு ஏட்டைப் புரட்டுங்கள். அதில் ஒரு சூட்சுமம் உண்டு: 15 வயதைத் தாண்டியவர்களின் வயதைப் பொதுவாக ஐந்தின் மடங்காகக் குறைத்தே எழுதினார்கள். 34 வயதுக்காரர் அங்கே 30! நாலு வயது இடிக்கிறதே என்று பூட்டனைக் கைவிட்டுவிடாதீர்கள். 1851 ஏட்டிலிருந்து, பிறந்த ஊரும் குடும்ப உறவும் சேர்ந்தே கிடைக்கும். அவர் அதற்குமுன் இங்கு வந்திருந்தால், அங்கேயே தங்கிவிட்ட தம்பி தங்கையரைத் தேடுங்கள். அவர்கள் பிறந்த ஊர் பெரும்பாலும் அவருடைய ஊருமாகும்.

இதற்கிடையில் அம்மம்மாவிடம் உட்கார்ந்து கேட்டதையெல்லாம் இன்றே எழுதிவையுங்கள். ஏடுகள் காத்திருக்கும், அம்மம்மாவின் ஞாபகம் காத்திருக்காது.