குதிரைக்குப் பாஸ்போர்ட், மனிதருக்குக் கடன் அட்டை

வேல்ஸ் மலைகளில் குதிரைச் சவாரி விடுமுறையா? தைரியமாகப் போங்கள். 1964ஆம் ஆண்டுச் சட்டம் காவலிருக்கிறது. மூன்று வயது தாண்டாத குதிரையை வாடகைக்கு விடக்கூடாது. நிறைசினைக் குதிரைக்கு விடுப்பு. குட்டி போட்டபின் இன்னும் மூன்று மாதம். (நம் முதலாளிகள் இதைப் படிக்காமலிருப்பது நல்லது.) உரிமம் தருமுன் கால்நடை மருத்துவர் குளம்புவரை பார்ப்பார். ஒவ்வொரு குதிரைக்கும் பாஸ்போர்ட் கட்டாயம்.

மேலே ஏறுபவருக்கு? எடை கேட்பார்கள், தலைக்கவசம் மாட்டுவார்கள், கடன் அட்டையைத் தேய்ப்பார்கள். "அனுபவம் உண்டா?" "ஓரளவு." சிறுவயதில் கடற்கரைக் கழுதைமேல் உட்கார்ந்ததைச் சொல்கிறார்.

இனி குதிரையே பரிசோதகராகட்டும். பல்லைப் பிடித்துப் பார்க்கட்டும், மூச்சிரைப்பை எண்ணட்டும். தேறாதவர் முதுகில் சேணத்தைக் கட்டி மலையேற்றலாம். காற்று அதேதான், காட்சி அதேதான். கட்டணத்திலும் மாற்றமில்லை.