கயித்த மட்டும் குடுத்துராத பேராண்டி

வா பேராண்டி, உக்காரு. உன் கதைய எம் பேத்தி வாசிச்சுக் காட்டுனா. முதப் பக்கம் பூரா சூரியன் உதிக்குது. நானும் எழுவத்தெட்டு வருசமாப் பாக்கிறேன், இம்புட்டு சாவகாசமா உதிச்ச சூரியன இப்பத்தான் கேள்விப்படுறேன். அதுக்குள்ள நம்ம சம்சாரி நாலு சால் ஓட்டிருப்பான்.

நான் கைநாட்டு. எனக்கென்ன தெரியும்? ஆனா இந்தா இருக்க இடைசெவல்ல கதை எழுதுறவுக ரெண்டு பேரு இருந்தாங்க. அழகிரிசாமிக்கு 1970ல சாகித்ய அகாதமி குடுத்தாங்க, அதுவும் ஆளு கண்ண மூடுன பெறகு. கி.ரா.வுக்கு 1991ல. கி.ரா. பள்ளிக்கூடத்துல படிச்சது கொஞ்சம். ஆனா ஊர்ச் சொல்லையெல்லாம் பொறுக்கிச் சேத்து அகராதியே போட்டுட்டாரு. நீ எம்.ஏ. படிச்சிட்டு, மாடு திங்கிற காடிய 'தீவனத் தொட்டி'ங்கிற. உங்க தாத்தன் மாடு அதுல வாய் வைக்காதுடே.

அப்புறம் உன் கதையில வர்ற மாட்டுத் தரகன். 'உங்களை ஏமாற்றும் எண்ணம் எனக்கில்லை'ன்னு ஒரு பத்தி பேசுறான். பாவம், அவனுக்குப் பொழப்பு எப்பிடி ஓடும்? சந்தையில போயிப் பாரு. துண்டப் போட்டுக் கைய மூடிக்கிட்டு, வெரலப் புடிச்சுத்தான் வெல பேசுவான். வாயி மழை பேயலையேன்னு பொலம்பும். உள்ள வெரலு அடிமாட்டு வெல கேக்கும். சுத்தி நிக்கிறவன் கண்ணெல்லாம் அந்தத் துண்டு மேலதான். உன் ஆளுகளுக்கும் ஆளுக்கொரு துண்டு வாங்கிக் குடு.

கடைசியில மாட்ட வித்த சம்சாரி 'கண்ணீர் அருவியாய்' அழுறானாம். குத்தாலத்துல சீசன் இல்லாதப்பக்கூட உன் கதையில தண்ணி கொட்டுதுடே!

எங்க அய்யா செவலக்காளைய வித்த அன்னைக்கு ஒரு சொட்டு விடல. மாட்டக் குடுத்தா கயித்தக் குடுக்க மாட்டாங்கல்ல, வெறுங்கயித்தத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தே வந்தாரு. மறுநா விடியக்காலம் ரெண்டு மாட்டுக்குமா பருத்திக்கொட்ட ஆட்டுனாரு. ஆத்தா பாத்தா. ஒண்ணும் சொல்லல. ஆட்டி முடிச்ச பெறகுதான் அவருக்கே ஓர்ம வந்துச்சு. அப்ப அந்தக் கயித்த எடுத்துக்கிட்டு நேரா கெணத்துப் பக்கம் போனாரு பாரு…

என்ன, மூஞ்சி மாறுது? உன் கதையக் கேக்கைல எனக்கு ஒரு தடவகூட அப்பிடி மாறலையே.

சரி சரி, வெத்தல தீந்துபோச்சு. கடை வரைக்கும் போயிட்டு வா. கெணத்துல என்ன நடந்துச்சுன்னு வந்த பெறகு பாப்போம்.