கணக்கில் இன்னும் இடமுண்டு

சேப்பாக்கத்தில் முதற்பந்து வீசப்படுவதற்கு முன்பே ஆட்டத்தின் முடிவை உலகுக்கு அருளிவிடும் பெரியவர் ஒருவரைத் திருவல்லிக்கேணித் தேநீர்க்கடைப் பெஞ்சில் அனுதினமும் தரிசிக்கும் பாக்கியம் பெற்றதிலிருந்து, பஞ்சாங்கம், வானிலை ஆய்வு முதலிய அற்ப சாஸ்திரங்களின்மீது எனக்கிருந்த சொற்ப மரியாதையும் அகன்றுவிட்டது. 2010, 2011, 2018, 2021, 2023 ஆகிய ஐந்து ஆண்டுகளிலும் சென்னை அணி ஐ.பி.எல். கோப்பை வென்றது தம் வாக்குப் பலத்தினால்தான் என்பது அவர் சித்தாந்தம்; ஏனைய ஆண்டுகளைப் பற்றி வினவுவது அபசாரம்.

2025இல் தோல்விகள் அடுக்கடுக்காக வந்தபோதும், மும்பை தோற்கவேண்டும், பெங்களூரில் மழை கொட்டவேண்டும், ரன் விகிதம் பெருகவேண்டும் என்று பஜ்ஜி எண்ணெய் ஊறிய காகிதத்தில் கூட்டிக் கழித்து, "கணக்குல இன்னும் இடமிருக்கு சார்" என்று அவர் நிரூபித்த நேர்த்தியைக் கண்டவர்கள், ஏப்ரல் 30 அன்று பஞ்சாபிடம் தோற்று பிளே-ஆஃப் வாய்ப்பிலிருந்து வெளியேறியதை அணியின் கணிதப் பிழையென்றே கொள்வார்கள்.

மே 25 அன்று, முதலிடத்திலிருந்த குஜராத்துடன் நடந்த கடைசி ஆட்டத்துக்கு மட்டும், மனம் நொந்து, "இன்னிக்குத் தோல்விதான்" என்றார். சென்னை 83 ரன் வித்தியாசத்தில் வென்றது. வென்றும் பத்து அணிகளில் பத்தாவதாக நின்றது.

இனி எல்லா ஆட்டங்களுக்கும் தோல்வியே அருளும்படி, அவரைக் காணும் வாசகர்கள் என் பொருட்டு மன்றாடிக் கேட்டுக்கொள்ளவேண்டும்.