தெர நின்னா உசுரு போச்சா?

வாடா பேராண்டி. லேப்டாப்பு மறுபடியும் நின்னுட்டுதா? பவர் பட்டன அமுக்கிப் புடிச்சி அதுங் கழுத்த நெரிச்சிட்டு, 'லினக்ஸே சரியில்ல'ன்னு தீர்ப்பும் சொல்லியிருப்பியே! 1690ல கீழ வந்து எறங்கின மொகலாயத் தளபதி சுல்பிகார் கான், 1698லதான் நம்ம செஞ்சி ராஜகிரிக் கோட்டைய புடிச்சான். உனக்கு ரெண்டு நிமிசம் தாங்கல.

கிழவனுக்கு எப்பிடித் தெரியும்னு முழிக்காத. அரசு குடுத்த லேப்டாப்புல விண்டோசு பக்கத்துலயே பாஸ் லினக்ஸும் வந்துச்சே, அப்ப உங்கக்கா பட்ட பாட்டையெல்லாம் பக்கத்துல ஒக்காந்து பாத்தவன் நான்.

மொதல்ல கேப்ஸ்லாக்க தட்டு. வெளக்கு எரிஞ்சி அணஞ்சா உள்ள உசுரு இருக்கு. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேத்து அமுக்கு. கறுப்புத் தெர வந்து உம் பேரக் கேட்டா நீ கொடுத்து வெச்சவன். படம் காட்டற எடத்துலதான் கோளாறு. அதுவும் வரலியா? ஆல்ட்டையும் பிரின்ட் ஸ்கிரீனையும் புடிச்சிக்கினு எஸ், யு, பின்னு நெதானமா ஒண்ணொண்ணாத் தட்டு. எழுதாம நின்னதெல்லாம் டிஸ்க்குல ஏறும், டிஸ்க்கு பூட்டிக்கும், அப்பால ரீஸ்டார்ட் ஆவும். உபுண்டுல இந்த மூணுக்கும் தடையில்ல. கழுத்த நெரிச்சா, குத்தவாளி யாருன்னு சொல்ற லாக்கோட கடைசி வரியே டிஸ்க்குல ஏறாமப் போயிடும்டா.

எழுந்ததும் சினிமா போடாத. 'ஜர்னல்சிடிஎல் -கே -பி -1'ன்னு அடி. போன தடவ கெர்னல் பொலம்பினதெல்லாம் வரும். இன்டெல்னா 'ஜிபியு ஹேங்', என்விடியான்னா 'எக்ஸ்ஐடி'ன்னு ஒரு நம்பரு, ஏஎம்டின்னா 'ரிங் டைம்அவுட்'டு. நீதான் அதப் படிக்காம எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசு ஏத்தற ஆளாச்சே.

லினக்ஸ உண்டாக்கின லினஸ் டோர்வால்ட்ஸே 2012ல பின்லாந்துல மேடையில ஒக்காந்து என்விடியாவுக்கு நடுவெரல் காட்டினாரு. 2022லதான் அவங்க கெர்னல் மாட்யூல தொறந்து உட்டாங்க. அவரு காட்டலாம். நீ மொதல்ல, பூட் ஆவறப்ப வர்ற கிரப்புல பழைய கெர்னலப் போட்டுப் பாரு. அதுல ஓடுச்சின்னா வெவகாரம் புதுசுலதான். ஏறும்போதே நின்னா அங்கயே கெர்னல் வரியில 'நோமோட்செட்' சேத்துக்க. டிரைவர மாத்த உள்ள நுழையத்தான் அது, அதோட குடித்தனம் பண்ணாத. லாகின்ல எக்ஸ்11 இருந்தா, வேலண்ட உட்டு அதுலயும் நொழஞ்சி பாரு. ஒருவாட்டிக்கு ஒண்ணுதான் மாத்தணும். நீ ஒரே ராத்திரியில அஞ்ச மாத்திட்டு, எதால சரியாச்சின்னு எங்கிட்ட கேக்கற!

அப்பவும் மசியலன்னா விழுப்புரம் பஸ் ஏறு. கட்டற்ற மென்பொருள் குழுப் பசங்க அங்க இருக்காங்க. எந்த கார்டு, எந்த கெர்னல், என்னா பண்ணும்போது நிக்குதுன்னு எழுதி, லாக்கையும் எடுத்துக்கினு போ. வெறுங்கையோட போயி 'ஹேங் ஆவுதுண்ணா'ன்னு நின்னா, அவங்களும் என்ன மாதிரிதான் சிரிப்பாங்க.