கிட்டார் கழுத்தறுப்பு

விருதுநகர் மாவட்டத்தில் வானத்தை அண்ணாந்து பார்ப்பவர்கள் இரண்டு கட்சி. பட்டாசு ஆலைக்காரர்கள் மழை வந்துவிடக் கூடாதே என்று பார்ப்பார்கள். எலக்ட்ரிக் கிட்டார் வைத்திருப்பவர்கள் காற்றில் கொஞ்சம் ஈரம் வராதா என்று பார்ப்பார்கள். முதல் கட்சியில் ஊரே இருக்கிறது. இரண்டாவது கட்சியை மொத்தமாக ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம். வருண பகவான் யார் பேச்சைக் கேட்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று, 1923இல் ஊர் திரும்பிச் சிவகாசியில் தொடங்கினார்கள். வறண்ட வானிலை கைகொடுத்தது. அதே 1923இல் அமெரிக்காவில் கிப்சன் கம்பெனியைச் சேர்ந்த தாடியஸ் மெக்ஹியூ என்பவர், கிட்டாரின் கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி, மரம் வளைந்தால் திருகி நிமிர்த்திக்கொள்ளும் வழிக்குக் காப்புரிமை வாங்கினார். டிரஸ் ராடு என்பது அதுதான். வெயிலைக் காசாக்க இவர்கள் வழி கண்ட வருடத்திலேயே, வெயிலில் கோணும் மரத்துக்கு அவர் வைத்தியம் கண்டிருக்கிறார். இரு தரப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் நான்.

எனக்குச் சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பாடகர் குழுவோடு வாசிப்பேன். பங்குனிப் பொங்கல், சித்திரைப் பொங்கல் என்று அம்மன் கோயிலில் கொடி ஏறினால் இன்னிசைக் குழுவோடு மேடை ஏறுவேன். எங்கள் பக்கத்து கிட்டார்க்காரர்களுக்கு இந்த இரண்டு சன்னிதிகளும்தான் படியளக்கின்றன. என்னிடம் ஒரு கொத்து அலன் கீ இருப்பது ஊருக்குத் தெரியும். அதனால் நோயுற்ற கிட்டார்கள் வீடு தேடி வரும். எல்லாருக்கும் ஒரே புகார்: "நெக் சரியில்ல அண்ணாச்சி, வேற கிட்டார் மாத்தணும்."

என் தங்கை மகனும் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தான். ஒருநாள் தங்கை போனில் பதறினாள். "அண்ணே, கழுத்து சரியில்ல, கழுத்து சரியில்லன்னு புலம்பிக்கிட்டே இருக்கான். எலும்பு டாக்டர்ட்டக் காட்டவா?"

"காட்டு. அதுதான் செலவு கம்மி" என்றேன்.

பையன்களிடம் வடிவம் பற்றிய ஞானத்துக்குக் குறைவில்லை. கழுத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் (யாரும் வெட்ட வேண்டாம்) பின்பக்கம் ஆங்கில எழுத்துகளைப் போலத் தெரியும்: சி, டி, யு, வி. இன்றைய கிட்டார்களில் மிகுதியாகக் காண்பது மெலிந்த சி. தோள்பட்டை கொஞ்சம் அகன்று, முதுகு தட்டையானால் டி. 1950களின் தொடக்கத்தில் வந்த டெலிகாஸ்டர்களின் கழுத்து பருமனானது. யு வடிவம் என்றால் அந்தப் பரம்பரை, கையில் பிடித்தால் உலக்கைதான். நடுமுதுகில் மழுங்கிய கூர் தெரிந்தால் வி. எரிக் கிளாப்டனின் பெயரில் ஃபெண்டர் விற்கும் ஸ்ட்ராடோகாஸ்டருக்கு இந்தக் கழுத்து.

கிப்சனின் லெஸ் பால் கிட்டாரிலோ வருடக் கணக்கு. 1959இன் கழுத்து தடிமன், 1960இன் கழுத்து மெலிசு. வித்தியாசம் என்னவோ ஓரிரு மில்லிமீட்டர்தான். அதை வைத்து ராத்திரி முழுக்கச் சண்டை போடுகிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். ஐபனெஸ் கம்பெனியின் விசார்ட் 3 கழுத்து முதல் ஃப்ரெட்டில் (விரல் பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைதான் ஃப்ரெட்) வெறும் 19 மி.மீ. தடிமன். என் மருமகன் ஆசைப்பட்டது இதற்குத்தான்.

மெலிந்த கழுத்து என்றால் கை பறக்கும் என்பது கடைக்காரர் வேதம். மின்னல் வேகத்தில் தனி வாசிப்பவர்கள் கட்டைவிரலைக் கழுத்தின் நடுமுதுகில் வைப்பார்கள். அவர்களுக்கு அது சரி. கோயில் மேடையில் மணிக்கணக்கில் பார் கார்டு பிடித்துத் தாளம் தட்டும் எங்களுக்கு, உள்ளங்கையில் பிடிமானம் இல்லாவிட்டால் கட்டைவிரல் கதறிவிடும். உள்ளங்கை நிறையச் சதை கொடுக்கும் பழைய சி வடிவமே எங்களுக்கு உத்தமம்.

விரல் ஓடும் பலகையின் வளைவும் கவனிக்க வேண்டியது. பழைய ஃபெண்டர்களில் அதன் ஆரம் 7.25 அங்குலம், கார்டு பிடிக்கச் சுகம். ஆனால் கம்பியைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு மேலே இழுத்தால், வளைவின் மேட்டில் முட்டி ஸ்வரம் செத்துப்போகும். கிப்சனில் 12 அங்குலம், பலகை தட்டை, இழுக்கத் தோது.

இத்தனை சாஸ்திரமும் உண்மை. இருந்தும் என்னிடம் வரும் கிட்டார்களில் பெரும்பாலும் குற்றவாளி வேறு ஆள். மருமகனின் கிட்டாரை வாங்கி, 17ஆம் ஃப்ரெட்டில் கம்பிக்கு அடியில் நம்மூர் தீக்குச்சி ஒன்றை நுழைத்தேன். உரசாமல் உள்ளே போய், சாவகாசமாக வெளியே வந்தது. தீக்குச்சியின் கனம் ஏறக்குறைய 2 மி.மீ. அந்த இடத்தில் ஃபெண்டர் சொல்லும் உயரம் 1.6 மி.மீ. இவ்வளவு உயரத்தில் கம்பி நின்றால் விசார்ட் என்ன, அதைச் செய்த ஆசாரியின் கையே வலிக்கும்.

வைத்தியத்துக்கு வரிசை உண்டு. எந்தக் கம்பியை வாசிக்கப் போகிறோமோ அதைக் கட்டிச் சுருதி கூட்ட வேண்டும். மெலிந்த 9ஆம் எண் கம்பி செட்டிலிருந்து தடித்த 10க்குப் போனால் கழுத்தின்மேல் இழுவிசை கூடிவிடும், எல்லாம் மறுபடி முதலிலிருந்து. பிறகு முதல் ஃப்ரெட்டிலும் 17ஆம் ஃப்ரெட்டிலும் கம்பியை அழுத்திக்கொண்டு, நடுவில் இடைவெளி பார்க்க வேண்டும். கால் மில்லிமீட்டர் இருந்தால் போதும்.

"கால் மில்லிமீட்டருக்கு எங்க மாமா போறது?" என்றான்.

சிவகாசியில் பிறந்த பிள்ளை கேட்கிற கேள்வியா? காலண்டர் அடிக்கும் 170 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர் இரண்டு தாளைச் சேர்த்தால் கிட்டத்தட்ட அதுதான் கனம். சந்தேகம் இருந்தால் அச்சகத்திலேயே மைக்ரோமீட்டர் இருக்கிறது. தெருமுனை பைக் மெக்கானிக் டேப்பட் வைக்கும் ஃபீலர் கேஜும் இதே கணக்குத்தான். அவரிடம் கேட்டேன். "எந்த வண்டிண்ணே?" என்றார். கிட்டாரைக் காட்டினேன். "எத்தனை சிசி?" என்று கேட்டுவிட்டுத் தகட்டைப் பார்த்துக் கொடுத்தார்.

இடைவெளி கூடினால் டிரஸ் ராடை வலப்பக்கம், குறைந்தால் இடப்பக்கம், ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் போகக் கூடாது. அடுத்து பிரிட்ஜில் இருக்கும் சிறு திருகால் கம்பியின் உயரம். கடைசியில் 12ஆம் ஃப்ரெட்டில் அழுத்தியும், அங்கேயே லேசாகத் தொட்டுவிட்டும் வாசித்துச் சுருதி ஒப்பிட வேண்டும். அழுத்திய ஸ்வரம் ஏறிக் கேட்டால் பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சேடிலைப் பின்னால் தள்ள வேண்டும், இறங்கிக் கேட்டால் முன்னால்.

எங்கள் ஊர் வெயிலில் இன்னொரு வேடிக்கை. சித்திரையில் மரம் சுருங்கும், ஃப்ரெட் சுருங்காது. அதன் முனை வெளியே நீட்டி உள்ளங்கையைக் கீறும். ஐப்பசி மழையில் மரம் ஊதி, கம்பி உயரும். ஆகவே வருடத்துக்கு இரண்டு முறையாவது அலன் கீக்கு வேலை. கிட்டாருக்குப் பிடித்த ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். ஆஃப்செட் பேப்பருக்கும் ஏறத்தாழ இதுதான் பத்தியம். அதனால் கோடையில் என் கிட்டார் அச்சகத்தின் ஏசி அறையில் குடியிருக்கும். "எனக்கு ஃபேன், அதுக்கு ஏசியா?" என்பது வீட்டம்மாவின் கேள்வி. நியாயமான கேள்வி என்பதால் இதுவரை பதில் சொல்லவில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் வித்தை என்று மலைக்கவும் வேண்டாம். தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. மெழுகு இளகிச் சுருதி பிசகினால் கைதேர்ந்தவர் வந்து மெட்டுகளை மறுபடி வைப்பார். அதற்காக எந்த வித்வானும் வேறு மாடல் வீணை கேட்டு அழுததில்லை. 1970களில் சக்தி குழுவில் ஜான் மெக்லாஃப்லின் வாசித்த கிட்டாரில், கமகத்துக்கு வசதியாகக் கம்பியை இழுக்க ஃப்ரெட்டுகளுக்கு நடுவே பலகையையே குடைந்திருந்தார்கள். வாத்தியம் கைக்கு வளையத்தான் வேண்டும்.

ஆகவே தம்பிமார்களுக்கு ஒரு வார்த்தை. அப்பாவிடம் பணம் கேட்பதற்கு முன்னால் தீக்குச்சியும் இரண்டு தாள் ஆர்ட் பேப்பரும் ஓர் அலன் கீயும் எடுத்துக்கொள்ளுங்கள். கால் சுற்று திருகி, ஒருநாள் பொறுத்து, வாசித்துப் பாருங்கள். அதற்கு மேலும் கை வலித்தால் தாராளமாகக் கழுத்தை மாற்றலாம். அதற்கு மேலும் பாட்டு வரவில்லை என்றால், அந்தக் கோளாறுக்கு எந்தக் கடையிலும் சாவி விற்பதில்லை. உட்கார்ந்து சாதகம் செய்ய வேண்டியதுதான்.